வீட்டு மின்சாதனங்களை ஊரிலேயே திருத்துவோம்

படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்குப் போகும் ஒருவரிடம், வீட்டிலுள்ள மின்சாதனங்களில் எது மிகவும் அவசியமானது என்று கேட்டால், தொலைக்காட்சியையோ மின்விசிறியையோ அவர் சொல்லமாட்டார். ரோச் லைற்றைத்தான் சொல்வார். யானை வட்டைக்குள் இறங்கும் இரவில் அவருக்கும் அவருடைய பயிருக்கும் இருக்கின்ற முதற் பாதுகாப்பு அந்த வெளிச்சம்தான். இப்போது கடைகளில் விற்கப்படும் மின்னேற்றும் ரோச்சுகள் வாங்கும்போது நன்றாக எரிகின்றன. ஓரிரு வருடங்களில் முழு இரவும் சார்ஜ் போட்டாலும் வாடிக்குப் போய்ச் சேரு முன்பே மங்கிவிடுகின்றன. பல்ப் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் நன்றாக இருக்கிறது, கூடும் உடையவில்லை. உள்ளேயிருக்கும் சிறிய பற்றரி மாத்திரமே வலுவிழந்துவிட்டது. ஆனாலும் முழு ரோச்சும் குப்பைக்குப் போகிறது. இன்னொன்று வாங்கக் காசில்லாத வீட்டுக்காரர் மங்கிய வெளிச்சத்துடனேயே காவலுக்குப் போகிறார்.

இதை ஒரு சிறிய விடயமாக நாம் கருதவில்லை. எமது வாசகர்களிற் பலர் ஒரு தடவைக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறியவர்கள். 1990இல் ஓடியவர்கள் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் உண்டு. 2006இலும் 2007இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. 2011 ஜனவரி வெள்ளத்தில் கூரை மட்டத்துக்குச் சாமான்களை ஏற்றிவைத்தும் பலனில்லாமற் போனவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் வீட்டுச் சாமான்களை வெறுங்கையில் இருந்து திரும்பச் சேர்த்தவர்களுக்கு ஒரு மின்விசிறி என்பது வெறும் வசதி அல்ல. அது பல போகங்களின் மிச்சம். அது நின்றுபோகும்போது தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்று சொல்வது எளிது. எந்தக் காசில் என்பதுதான் கேள்வி.

தடை நாட்களில் கற்றவை

இந்தக் கேள்விக்கு எமது மக்கள் ஒருமுறை பதில் கண்டுபிடித்தவர்கள். யுத்த காலத்தில் வாவிக்கு மேற்கேயுள்ள கிராமங்களுக்குச் சாமான்கள் வவுணதீவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய வழிகளால் அளந்துதான் போயின. பசளைக்கும் சீமெந்துக்கும் எரிபொருளுக்கும் இருந்த கட்டுப்பாடு ரோச் பற்றரிக்கும் இருந்தது. வடக்கே யாழ்ப்பாணத்தில் 1990இல் மின்சாரம் நின்றது; பற்றரியும் தடைசெய்யப்பட்டது. அங்கே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைக்கும். தீர்ந்துபோன பற்றரியில் ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்து இன்னும் சில மணித்தியாலம் பாட வைத்தார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள்.

அந்த நாட்களை மெச்சி நாம் இதை எழுதவில்லை. தடை ஒரு கொடுமை. அது 2002இல் போர்நிறுத்தத்தோடு பெரும்பாலும் தளர்ந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த நாட்களில் ஊருக்கு ஊர் றேடியோ திருத்தத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதையும், அவருடைய மேசையில் எந்தப் பழைய பாகமும் வீணாகவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. கடைகள் நிரம்பிய பிறகு அந்த மேசைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. திருத்துகிறவர் வெளிநாடு போனார், அல்லது தொலைபேசி றீலோட் கடை போட்டார்.

பிறகு 2022 வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. தடைச் சாவடி எதுவும் இல்லாமலே கடைத் தட்டுகள் காலியாகலாம் என்பதை அப்போது முழு நாடும் கண்டது. கட்டுப்பாடுகள் பின்னர் தளர்த்தப்பட்டன. பொருட்கள் திரும்ப வந்தன. ஆனால் விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

மின்விசிறிக்குள் இருக்கும் உலகம்

ஒரு சாதாரண மின்விசிறியைக் கழற்றிப் பார்த்தால் அதற்குள் சில நூறு கிராம் செப்புக் கம்பி இருக்கும். இந்தச் செப்பு எங்கிருந்து வருகிறது? உலகின் செப்பிற் பெரும்பகுதி தென்னமெரிக்காவின் சிலி, பெரு நாடுகளிலும் ஆபிரிக்காவின் கொங்கோவிலும் தோண்டப்படுகிறது. மின்சார வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் சூரியக்கலங்களுக்கும் எல்லா நாடுகளும் செப்பைத் தேடுவதால் 2024 மே மாதத்தில் ஒரு தொன் 10,000 டொலரைத் தாண்டியது. எங்களுக்கு வடக்கே, வெருகலுக்கு அப்பால் சேருவிலவில் நிலத்தடியில் செப்பு இருப்பது 1970களிலேயே கண்டறியப்பட்டது. ஆனால் அது வணிக அளவில் அகழப்படவில்லை. ஆகவே எமது வீட்டு மின்விசிறியிலுள்ள ஒவ்வொரு முழம் கம்பியும் டொலர் கொடுத்து வாங்கியதுதான்.

கரியின் கதை இன்னும் வேடிக்கையானது. கிரைண்டரின் மோட்டரில் உரசித் தேயும் சிறிய கரித்துண்டு (கார்பன் பிரஷ் என்பார்கள்) காரீயத்தில் செய்யப்படுவது. கேகாலை மாவட்டத்தின் போகல சுரங்கத்தில் எடுக்கப்படும் இலங்கைக் காரீயம் உலகப் புகழ் பெற்றது. அதில் பெரும்பகுதி கப்பலேறிப் போகிறது. களுவாஞ்சிகுடியில் ஒருவருடைய கிரைண்டரில் கரி தேய்ந்தால், அதற்கு மாற்று இறக்குமதிப் பெட்டியிலிருந்துதான் வரவேண்டும். மண் எங்களுடையது, பொருள் அவர்களுடையது!

மூலப்பொருள் அருகும்போது உற்பத்தியாளர் என்ன செய்கிறார்? செப்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி சுற்றுகிறார். ஒரே தடிப்பான கம்பியில் அலுமினியத்தின் மின்தடை செப்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் அதிகம் சூடாகும், விரைவில் எரியும். ஈயம் வைத்து ஒட்டுவதும் கடினம். மலிவு விலைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. பழைய, பாரமான மின்விசிறியைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பாரமில்லாத புதியதைத் தவணைக்கு எடுப்பவர் உண்மையில் நல்ல செப்பைக் கொடுத்துக் கடனை வாங்குகிறார். தவணையும் நுண்கடனும் எமது மாவட்டத்துப் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தன என்பதை இங்கு விளக்கத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது.

எது பழுதாகிறது?

திருத்துகிறவர்களோடு கதைத்தால் ஒரு விடயம் விளங்கும். நின்றுபோன சாதனங்களிற் பெரும்பாலானவற்றில் முழுச் சாதனமும் பழுதாவதில்லை. மின்விசிறி உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. கம்பால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால் அநேகமாகக் கப்பாசிற்றர் போய்விட்டது. மெதுவாகச் சுற்றுவதும் அதே காரணத்தால் இருக்கலாம். கூரை விசிறிகளில் வழமையாக 2.5 மைக்ரோ பரட் அளவுள்ளது இருக்கும். பழையதன் மேல் எழுதியுள்ள அதே அளவைப் போடவேண்டும். அதன் விலை சில நூறு ரூபா. புதிய விசிறியின் விலையோ கூலிவேலை செய்பவரின் பல நாட் சம்பளம். விசிறி கத்தினால் புஷ் காய்ந்திருக்கும். அதற்குத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி போதும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சில மாதங்களில் பிசினாகித் தண்டை இறுக்கிவிடும். அந்த எண்ணெயைச் சொதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அயன் சூடேறாவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது வயர். பிடிக்குள் நுழையும் இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கும். ஒரு முழம் வெட்டி மீண்டும் பூட்டினால் போதும். வயர் சரியென்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தகட்டின் முனைகள் கருகியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் பிறகுதான் உள்ளேயுள்ள சூட்டுக்கம்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

வாவிக் கரையில் இன்னொரு எதிரி இருக்கிறது: உப்புக் காற்று. கல்லடியிலும் நாவலடியிலும் உள்ள வீடுகளில் பிளக்கின் பித்தளைக் கால்கள் பச்சை பூத்துப் போவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இறுக்கமில்லாத, பச்சை பிடித்த இணைப்பு சூடாகும். சூடானால் பிளாஸ்டிக் உருகும். பிளக் கையைச் சுடுகிறது என்றால் சாதனம் பழுதென்று நினைத்துவிடாதீர்கள். இணைப்பைச் சுத்தம் செய்து திருகாணியை இறுக்கினால் அநேகமான தடவைகளில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் திருத்தத்தான் வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. பழைய குண்டு பல்பைக் கைவிட்டு எல்.ஈ.டி. பல்புக்கு மாறியது நல்லதே. மின்கட்டணத்தில் அது தெரியும். கதவு மூடாமல் நாள் முழுவதும் ஓடும் மிகப் பழைய குளிர்சாதனப் பெட்டிக்குச் செலவழிப்பதிலும் அர்த்தமில்லை.

நீரிறைக்கும் மோட்டர்

களுதாவளையிலும் அதையடுத்த மணற்பாங்கான ஊர்களிலும் மரக்கறியும் வெற்றிலையும் செய்பவர்களுக்கு மோட்டர் நிற்பது கொடிக்காலே நிற்பது போன்றது. வெயிற் காலத்தில் சில நாள் தண்ணீர் இல்லாவிட்டால் மணல்நிலத்துப் பயிர் கருகிவிடும். புதிய மோட்டருக்குக் காசு சேரும்வரை பயிர் காத்திருக்காது. இங்கேதான் ஊருக்குள் மோட்டர் கட்டத் தெரிந்தவர் இருப்பதன் பெறுமதி தெரியும்.

மோட்டர் கட்டுதல் என்பது எரிந்துபோன கம்பியை எடுத்துவிட்டு, அதே தடிப்புள்ள புதிய கம்பியை அதே எண்ணிக்கையான சுற்றுக்களில், அதே காடிகளில் சுற்றிவைப்பது. பழைய சுருளைக் கழற்றும்போது சுற்றுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்து வைக்கவேண்டும். நூற்றுக்கணக்கான சுற்றுக்களில் எண்ணிக்கை பிழைத்தால் மோட்டர் சூடேறும் அல்லது இழுக்காது. சுற்றி முடித்த பிறகு வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் காயவைக்க வேண்டும். அவசரத்தில் இந்தக் காயவைத்தலைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அப்படிக் கட்டிய மோட்டர் அடுத்த மாரியிலேயே திரும்பி வரும். நல்ல கைகளால் கட்டப்பட்ட மோட்டர் புதியதைப் போலவே உழைக்கும். கழற்றிய பழைய செப்பையும் நிறுத்து விற்கலாம். திருத்தக்கூலியில் ஒரு பகுதி அதிலேயே கழியும். இதை வாடிக்கையாளர் கேட்டுப் பெறவேண்டும், பலர் கேட்பதில்லை.

மோட்டர் ஏன் எரிகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடவிடுவது ஒரு காரணம். தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்து தண்ணீர் பேரிங்குக்குள் போவது இன்னொன்று. பம்புக்கும் மோட்டருக்கும் இடையில் துளித்துளியாகக் கசிவு கண்டவுடனேயே சீலை மாற்றினால் மோட்டர் தப்பும். மூன்றாவது காரணம் மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு உரியது. 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் மாலை நேரத்தில் மிகக் குறைந்து வரும். அப்போது மோட்டர் உறுமிக்கொண்டு நின்றபடியே சூடேறும். விளக்கு மங்கலாக எரியும் நேரத்தில் மோட்டரைப் போடாதிருப்பதே இதற்குச் செலவில்லாத பரிகாரம். 2007இன் பின் மீள்குடியேறிய படுவான்கரைக் கிராமங்களில் மின்சாரம் பின்னரே வந்த இடங்கள் பல. அங்கே கம்பி வரிசைகளும் நீளம்.

கைவைக்கக்கூடாத இடங்கள்

திருத்தம் என்ற பெயரில் நடக்கும் சில காரியங்கள் உயிரைக் கொல்லக்கூடியவை. றைஸ் குக்கருக்குள் அதிகச் சூட்டில் தானே அறுந்துகொள்ளும் சிறிய பியூஸ் ஒன்று உண்டு. அது அறுந்ததும் அதை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் நேரடியாக முறுக்கிவிடுவது சிலரிடம் வழக்கம். குக்கர் வேலை செய்யும். ஒருநாள் வீட்டையும் எரிக்கும். குடிசையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சதுரக் கால் பிளக்கிலுள்ள பியூசுக்குப் பதில் ஈயத்தாள் சுற்றிவைப்பதும் அதே வகை. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து இணைப்புக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசமானது. 30 மில்லி அம்பியர் கசிவிலேயே அது விழுவது எங்களைக் காப்பாற்றத்தான். விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஒவ்வொரு சாதனமாகக் கழற்றிப் பார்த்து எது என்று கண்டுபிடிப்பதே சரியான திருத்தம்.

செப்பை எடுப்பதற்காக வயரைக் கொளுத்தும் பிள்ளைகளையும் தடுக்கவேண்டும். அந்தக் கறுத்த புகை நஞ்சு. ஒட்டுவதற்குப் பயன்படும் ஈயத்தைச் சமையற் பாத்திரங்களுக்கு அருகில் உருக்கக்கூடாது; வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும்.

யார் கற்பது?

எமது மாவட்டத்துக்குத் தொழிற்கல்வி புதியதல்ல. மட்டக்களப்பில் கிழக்கிலங்கைத் தொழில்நுட்ப நிறுவகத்தோடு இணைந்து இளைஞர்களுக்காக உழைத்த அமெரிக்க இயேசுசபைக் குருவான யூஜின் ஹேபர்ட் அடிகளாரை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் அவருடன் சென்ற இளைஞர் ஒருவரும் காணாமற் போனார்கள். இன்றுவரை திரும்பவில்லை. கைத்தொழில் தெரிந்தவன் அகதியாகப் போனாலும் வெறுங்கையனாகப் போகமாட்டான் என்பதை அவரைப் போன்றவர்களிடம் படித்தவர்கள் தங்கள் வாழ்க்கையிலேயே கண்டார்கள். வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு வரலாம். திருகாணி பிடிக்கும் கையை யாரும் பறிக்க முடியாது.

ஆனால் இது ஆண்பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. இந்தியாவின் ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972இல் பங்கர் றோய் என்பவர் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியில், எழுத்து வாசனை இல்லாத கிராமத்துப் பாட்டிமாரும் சூரிய விளக்குகளைப் பொருத்தவும் திருத்தவும் கற்றிருக்கிறார்கள். பாகங்களை நிறத்தாலும் வடிவத்தாலும் அடையாளம் கண்டு கற்கிறார்கள்; ஆபிரிக்காவிலிருந்தும் பெண்கள் வந்து படித்துப் போயிருக்கிறார்கள். பன் பின்னும் விரல்கள் மோட்டர்ச் சுருளைச் சுற்ற முடியாதா? குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் அதிகமுள்ள எமது கிராமங்களில், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே திண்ணையில் இருந்து செய்யக்கூடிய வேலைகளில் இதுவும் ஒன்று.

கியூபா நாட்டு மக்களின் அனுபவமும் எமக்கு அறிமுகமானது போலத் தோன்றும். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அவர்களுக்கு எண்ணெயும் உதிரிப்பாகமும் நின்றுபோயின. சோவியத் சலவை இயந்திரங்களின் மோட்டரைக் கழற்றி மின்விசிறி செய்தார்கள். கைவிடப்பட்ட தொலைபேசிப் பெட்டி அந்த விசிறிக்குக் கால் ஆனது. இப்படிப்பட்ட யோசனைகளை மக்களிடமிருந்து திரட்டி 1992இல் ஒரு புத்தகமாகவே அங்கு வெளியிட்டார்கள். அவர்கள் வறுமையால் செய்ததை இன்று பணக்கார நாடுகள் வேறு காரணத்துக்காகச் செய்கின்றன. 2009இல் அம்ஸ்டர்டாம் நகரில் அயலவர்கள் ஒன்றுகூடி இலவசமாகத் திருத்தும் இடம் ஒன்று தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியது. பிரான்சில் 2021 முதல் சில சாதனங்களின் விலைச் சீட்டருகே, அதைத் திருத்துவது எவ்வளவு எளிது என்ற புள்ளியையும் போடவேண்டும். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கழிவு சேர்ந்தது என்றும், அதில் கால்வாசிக்கும் குறைவாகவே முறைப்படி மீட்கப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகளின் கணக்குச் சொல்கிறது.

கடையில் எங்களுக்கு அந்தப் புள்ளிச் சீட்டு இல்லை. ஆனால் சாதனத்தைத் திருப்பிப் பார்க்கலாம். திருகாணி போட்டு மூடியதா, பசை வைத்து ஒட்டியதா? ஒட்டியது என்றால் திறக்கும்போதே உடையும். ரோச் வாங்கும்போது பற்றரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மோட்டரோ விசிறியோ வாங்கும்போது செப்புக் கம்பியா என்று கேளுங்கள். அயலிலுள்ள திருத்துபவரிடம் எந்த வகைக்குப் பாகம் கிடைக்கிறது என்று முதலிலேயே விசாரித்துவிட்டுக் கடைக்குப் போவது இன்னும் நல்லது.

கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு மரப்பெட்டியைப் பொதுவில் வைத்திருக்கலாம். இனித் திருத்தவே முடியாத சாதனங்களிலிருந்து நல்ல வயர், சுவிட்ச், பேரிங், திருகாணி, பிளக் என்பவற்றைக் கழற்றி அதில் சேர்க்கலாம். சோதிக்கும் மீற்றர் ஒன்றும் ஈயம் ஒட்டும் கோல் ஒன்றும் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தால், தொழில் படித்துவிட்டுக் கருவி வாங்க வசதியில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு அதுவே முதல்.

மாரி தொடங்குமுன் ஒரு விடயம். வெள்ளத்தில் நனைந்த சாதனத்தைத் தண்ணீர் வடிந்த மகிழ்ச்சியில் உடனே போட்டுப் பார்ப்பதால்தான் நல்ல மோட்டர்களும் எரிகின்றன. சேறோ வாவி நீரோ புகுந்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு உள்ளே காய்ந்துவிட்டால் கம்பியை அரிக்கும். மூடியைக் கழற்றி நிழலும் வெயிலுமாகப் பல நாட்கள் காயவிடுங்கள். அதன் பிறகும் மின்சாரம் கொடுக்காமல், மெக்கர் என்ற கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்ச் சுருளுக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள தடையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. திரும்பவும் வெயிலில் வையுங்கள்.